ஸ்லாஷ் டிரக்குக்கு பிரஷ்லெஸ் மோட்டார்: கேவியைக் கடைசியில் பாருங்கள்

3 மார்ச், இரவு 10.15

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் டிராக்ஸாஸ் கம்பெனியின் ஸ்லாஷ் ரிமோட் டிரக் இருக்கிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல், பழைய பிரஷ் மோட்டார். உரசும் கரித்துண்டு இல்லாத பிரஷ்லெஸுக்கு மாறப் போகிறேன். 3எஸ் லிப்போ பேட்டரி ஏற்கெனவே வாங்கிவிட்டேன். 3300 கேவி, 4600 கேவி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. கேவி கூட இருந்தால் பவர் கூட என்றுதானே அர்த்தம்? 4600 எடுத்துவிடட்டுமா?"

வேண்டாம் தம்பி. அந்த 4600 நல்ல மோட்டாராகவே இருக்கலாம். ஆனால் அது 2எஸ் பேட்டரிக்கு ஏற்றது (எஸ் என்பது தொடராக இணைத்த செல்களின் எண்ணிக்கை, ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட்). உங்களிடம் இருப்பது 3எஸ்.

கேவி என்று போட்டிருக்கும் எண் பவரைச் சொல்வதில்லை. சுமை எதுவும் இல்லாமல் ஒரு வோல்ட் கொடுத்தால் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. 3எஸ் லிப்போவின் பெயரளவு வோல்டேஜ் 11.1. அதை 3300 ஆல் பெருக்கினால் 36,630 சுற்று. 4600 ஆல் பெருக்கினால் 51,060. பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும்போது இதுவே 57,960 வரை போகும். அதே 4600ஐ 2எஸ்ஸில், அதாவது 7.4 வோல்ட்டில், ஓட்டிப் பாருங்கள்: 34,040. அதாவது 3300ஐ 3எஸ்ஸில் ஓட்டினாலும் 4600ஐ 2எஸ்ஸில் ஓட்டினாலும் வண்டி ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகும்.

இரண்டில் எது நல்லது என்றால் 3எஸ்ஸும் 3300ம். அதே வேலைக்கு ஆம்பியர் மூன்றில் இரண்டு பங்குதான் ஓடும். கம்பியிலும் கனெக்டரிலும் வீணாகும் சூடு ஆம்பியரின் இருமடிப்படி ஏறுவது, அதனால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இன்னொன்று. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிதான் ஈஎஸ்சி. வண்டியோடு வந்த பழைய எக்ஸ்எல்-5 ஈஎஸ்சியை வைத்து பிரஷ்லெஸ் மோட்டாரை ஓட்ட முடியாது. அது இரண்டு கம்பி பிரஷ் மோட்டாருக்கானது. பிரஷ்லெஸுக்கு மூன்று கம்பி. ஈஎஸ்சியும் மோட்டாரும் ஜோடியாக வாங்க வேண்டும். ரிசீவர், சர்வோ, ரிமோட் எல்லாம் அப்படியே இருக்கலாம்.


4 மார்ச், காலை 7.30

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு தோன்றியது. நான் ஒரு ஆள் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? கம்பெனிக்காரர்கள் தங்கள் வண்டிகளில் என்ன போட்டு விற்கிறார்கள் என்று பாருங்கள். கணக்கு அதிலேயே இருக்கிறது.

ஆர்மா சென்டன் 3எஸ்: 3200 கேவி. பெருக்கினால் 35,520.
டிராக்ஸாஸ் மேக்ஸ், 4எஸ்: 2400 கேவி. மறுபடியும் 35,520.
டிராக்ஸாஸ் எக்ஸ்-மேக்ஸ், 8எஸ்: 1200 கேவி. மறுபடியும் அதே 35,520.

எக்ஸ்-மேக்ஸ் எட்டு கிலோவைத் தாண்டும் வண்டி. சென்டன் அதில் பாதி எடைகூட இல்லை. இரண்டுக்கும் மோட்டார் சுற்று ஒன்றேதான். ஸ்லாஷின் பிரஷ்லெஸ் மாடலில் வரும் வெலினியான் 3500ஐ 3எஸ்ஸில் போட்டால் 38,850. கொஞ்சம் துணிச்சலாகப் போகும் வண்டிகளும் உண்டு: 6எஸ்ஸில் 2050 கேவி போட்டு வரும் ஆர்மா கிராட்டன் 45,510, 2200 கேவி போட்டு வரும் இ-ரெவோ 48,840. இந்தப் பட்டியலில் எதுவும் ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால் எடை கூடக் கூட செல் எண்ணிக்கை ஏறும், கேவி இறங்கும். பெருக்குத்தொகையை 35,000 முதல் 40,000க்குள் வைத்துக்கொண்டால் ஓட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் நிம்மதி. கேவியைத் தனியாக எடுத்துப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.


4 மார்ச், இரவு 9.50

இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார்: "கேவி குறைந்தால் டார்க் கூடும், அதனால் 3300தான் இழுவைக்கு நல்லது." டார்க் என்பது சுழற்றித் தள்ளும் விசை. பலரும் சொல்வதுதான் இது. பாதி சரி, மீதிப் பாதிதான் ஆளைத் தவறான மோட்டாரிடம் கொண்டுபோய் விடுகிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோவைப் பக்கம் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களைக் கேட்டால் இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடுவார்கள். கம்பி உட்காரும் பள்ளம் ஒன்றுதான். மெல்லிய கம்பியில் நிறையச் சுற்றுப் போடலாம், அல்லது தடிமன் கம்பியில் குறைவான சுற்றுப் போடலாம். உள்ளே போகும் செம்பின் எடை ஏறக்குறைய ஒன்றே. சுற்று குறைந்தால் கேவி ஏறும், சுற்று கூடினால் கேவி இறங்கும்.

இப்போது ஒரே கம்பெனியின் ஒரே அளவு மோட்டார், 3300 ஒன்று, 4600 ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு டார்க் என்பதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு: 9.55ஐக் கேவியால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் வரும். 3300க்கு 0.0029. 4600க்கு 0.0021. ஆக ஒரு ஆம்பியருக்கு என்று பார்த்தால் 3300 நாற்பது சதவீதம் அதிகம் இழுக்கிறது. நண்பர் சொன்னதில் சரியான பாதி இதுதான்.

ஆனால் 3300இன் காயிலில் சுற்றும் அதிகம், கம்பியும் மெல்லியது. அதன் மின்தடை 4600ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே டார்க்குக்கு 4600 அதிக ஆம்பியர் இழுக்கும், ஆனால் குறைந்த தடையில் இழுக்கும். ஆம்பியரின் இருமடியையும் தடையையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டு மோட்டாரிலும் சூடு சமமாக வந்து நிற்கும். மோட்டாருக்குள்ளே எந்த லாபமும் இல்லை. லாபமெல்லாம் வெளியே, அதாவது பேட்டரியிலும் ஈஎஸ்சியிலும் கம்பியிலும்.

அப்படியானால் இழுவை எங்கிருந்து வருகிறது? உடம்பிலிருந்து. எவ்வளவு செம்பு, எவ்வளவு இரும்பு, எவ்வளவு நீளமான காந்தம். மோட்டார் மேல் 3650, 3660, 4274 என்று போட்டிருப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். 3650 என்றால் 36 விட்டம், 50 நீளம். 3660 அதே விட்டம், பத்து மில்லிமீட்டர் கூட நீளம். காஸில் கம்பெனி மட்டும் அங்குலக் கணக்கில் எழுதும்: 1410 என்றால் விட்டம் 1.4 அங்குலம், அதாவது இதே 36 மில்லிமீட்டர் வகை.

எனவே வரிசை இப்படி: முதலில் வண்டி எடைக்கு மோட்டாரின் உடம்பு. அடுத்து பேட்டரி. கடைசியில் கேவி. கடைப் பக்கங்களில் கேவிதான் பெரிய எழுத்தில் இருக்கும், அதனால் எல்லோரும் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள்.


5 மார்ச், மதியம் 1.05

"என் ஸ்லாஷுக்கு 3650 போதுமா, 3660 வேண்டுமா?"

தார் ரோடு, சிமென்ட் தரை என்றால் 3650 போதும். புல், மணல், உழுத மண் என்றால் 3660. வண்டி இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், பெரிய எடை ஒன்றும் இல்லை. ஆனால் புல்லில் ஓடும்போது டயரைப் பிடித்து இழுப்பது வண்டியின் எடை அல்ல, புல். என் மச்சான் மகன் இதே ஸ்லாஷில் 3650 போட்டுப் பள்ளி மைதானத்தில் ஓட்டுவான். வெட்டிய புல்லில் ஒன்றும் ஆகாது. மழைக்குப் பிறகு புல் கணுக்கால் உயரம் வளர்ந்ததும் பேட்டரி பாதி காலியாவதற்குள் மோட்டாரைத் தொட முடியாது. வண்டி அதே, பினியன் (மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) அதே, பையனும் அதே.

பழைய 550 மோட்டார் இருந்த இடத்தில் 3660 கிட்டத்தட்ட உட்காரும். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெரும்பாலான 3660களில் ஷாஃப்ட் 5 மில்லிமீட்டர். 3650களில் 3.175. ஸ்லாஷின் ஸ்பர், அதாவது பினியன் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம், 48 பிட்ச் (பல்லின் அளவு). 5 மில்லிமீட்டர் துளையோடு 48 பிட்ச் பினியன் எல்லாக் கடையிலும் இருக்காது. மோட்டார் ஆர்டர் போடும் அன்றே பினியனும் கையில் வரும்படி பாருங்கள். இரண்டு, ஸ்லாஷில் மோட்டார் பின் அச்சின் பக்கத்திலேயே இருக்கிறது. பின்னால் எடை ஏற ஏற முன்சக்கரம் தூக்கும். பையன்களுக்கு அது பிடிக்கும். வளைவில் திரும்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.


6 மார்ச், இரவு 11.20

"எவ்வளவு வேகம் போகும்?" கேட்பீர்கள் என்று தெரியும். போட்டுப் பார்ப்போம்.

ஸ்லாஷின் கியர்பாக்ஸுக்குள் விகிதம் 2.72. வெளியே 86 பல் ஸ்பர், 19 பல் பினியன் என்று வைத்தால் 86 வகுத்தல் 19, பெருக்கல் 2.72, மொத்தம் 12.3. மோட்டார் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. டயர் விட்டம் சுமார் 110 மில்லிமீட்டர், ஒரு சுற்றில் சுமார் 346 மில்லிமீட்டர் போகும். 3300ஐ 3எஸ்ஸில் போட்டால் கணக்குப்படி மணிக்கு 62 கிலோமீட்டர். தரையில் அதில் ஐந்தில் நான்கு பங்கு வந்தால் நல்லபடி. அதாவது 50. ஒரு தெருவுக்கு 50 என்பது பயங்கரமான வேகம், நேரில் பார்த்தால்தான் தெரியும்.

அதே கியரில் 4600 என்றால் கணக்குப்படி 86. இங்கேதான் கதை மாறுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிப்படி ஏறும். 62இலிருந்து 86க்குப் போக அதற்கு மட்டும் 2.7 மடங்கு வேண்டும். அந்த பவர் முழுவதையும் அதே 36 மில்லிமீட்டர் உடம்புதான் தர வேண்டும், அதற்கேற்ப உள்ளே சூடும் ஏறும். ஸ்லாஷின் பாடி வேறு உள்ளே காற்றைப் பிடித்துக்கொள்ளும் வடிவம். மண் தடத்தில் பந்தயம் ஓடும் ஷார்ட் கோர்ஸ் டிரக்குகளைப் பார்த்து 2008இல் கொண்டுவந்த வண்டி, பார்க்க அழகு, காற்றுக்கு ஆகாது. வேகமாகப் போய் ஒரு மேட்டில் குதித்தால் மூக்கு மேலே எழும்பும். பின்பக்கம் பாடியில் துளை வெட்டிவிடுகிறவர்கள் இதற்காகத்தான் வெட்டுகிறார்கள்.

வேகம் வேண்டும் என்றால் மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. 3300இலேயே 25 பல் பினியன் போட்டால் கணக்குப்படி 81 வரும். நீளமான தார் ரோட்டில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து 19 பல்லைத் திரும்பப் போடலாம். பினியன் என்பது சில்லறைக் காசு. மோட்டார் அப்படியல்ல.


7 மார்ச், காலை 6.45

பினியன் மாட்டுவது பற்றி இரண்டு பேர் கேட்டார்கள்.

பில் தாள் ஒன்றை விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். ஸ்பருக்கும் பினியனுக்கும் நடுவே அதைக் கொடுத்து, மோட்டாரை ஸ்பர் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகை இறுக்குங்கள். பிறகு ஸ்பரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் மடிப்புத் தடம் வரிசையாக விழுந்திருக்கும், ஆனால் கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் நெருக்கம் அதிகம். தடமே இல்லை என்றால் இடைவெளி அதிகம், ஒரே ஆக்ஸிலரேட்டரில் ஸ்பரின் பல் மழுங்கிவிடும். ஸ்பரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், சில ஸ்பர் லேசாகக் கோணலாக இருக்கும்.

பினியனின் சின்னத் திருகு ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும். திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. மோட்டாரைப் பிடிக்கும் 3 மில்லிமீட்டர் திருகு நீளமாக இருந்தால் உள்ளே போய்க் காயிலில் முட்டும். பழைய மோட்டாரின் திருகை யோசிக்காமல் அப்படியே போடாதீர்கள், முதலில் கையால் திருகிப் பாருங்கள்.

ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர் இழுவை வந்தால் வழுக்கிக்கொடுத்து கியரைக் காப்பது): அதன் நட்டை முழுக்க இறுக்கி, அங்கிருந்து அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்துங்கள். ஸ்லாஷின் டிரைவ் ஷாஃப்ட் பிளாஸ்டிக். 3எஸ்ஸில் முதலில் உடைவது அதுதான்.


9 மார்ச், இரவு 8.30

சூடு. இந்தப் பக்கத்தில் எழுதியதிலேயே ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

மோட்டாருக்குள்ளே சுற்றுவது நியோடிமியம் காந்தம். மிகச் சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். உயர்ந்த ரகங்கள் 150, 200 வரைகூடப் போகும். உங்கள் மோட்டாரில் எந்த ரகம் என்று பெட்டியில் எழுதியிருக்காது. வெளியே தொடுகிற டப்பா 80 என்றால் உள்ளே இன்னும் அதிகம். காந்தம் ஒரு தடவை வலு குறைந்துவிட்டால் ஆறிய பிறகும் முழுக்கத் திரும்பாது. அப்புறம் நடப்பதுதான் கொடுமை: வலு குறைந்த காந்தத்தோடு கேவி ஏறும், ஆம்பியருக்கு டார்க் இறங்கும், அதே வேலைக்கு இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், இன்னும் சூடாகும். "மோட்டார் இப்போது முன்பைவிட வேகமாகப் போகிறது, ஆனால் சீக்கிரம் சூடாகிறது" என்று ஒருவர் சொன்னால் அந்த மோட்டார் போகும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் நான் 70 டிகிரியில் நிறுத்திவிடுவேன். துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள், இந்தப் பொழுதுபோக்கில் அதைவிட உபயோகமான பொருள் இல்லை. ஒரு விஷயம்: பளபளப்பான அலுமினிய டப்பாவில் அதை நீட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது குறைவு. டப்பாவில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் குறிபாருங்கள். என் மோட்டாரில் டேப்புக்கும் வெறும் உலோகத்துக்கும் இடையே காட்டிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகு நான் வெறும் உலோகத்தை நம்புவதே இல்லை.

வெப்பமானி இல்லையா, விரல் இருக்கிறது. 60ஐத் தாண்டிய உலோகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. வைத்த உடனே எடுக்கத் தோன்றினால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

மே மாத வெயிலில் தரையே கொதிக்கிறது, காற்று 40 டிகிரி. குளிர் நாட்டில் 20 டிகிரிக் காற்றில் ஓட்டிவிட்டு "24 பல் பினியன் போட்டேன், பிரச்சினை இல்லை" என்று ஒருவர் வீடியோ போட்டால், அந்த 20 டிகிரி வித்தியாசம் அப்படியே நம் மோட்டாரின் மேல் ஏறும். இங்கே கோடையில் இரண்டு பல் குறைத்துப் போடுவது நல்லது. விசிறியும் வைக்கலாம், ஆனால் பெரிய பினியனின் சூட்டை விசிறி சரிசெய்யும் என்று நினைக்க வேண்டாம்.


9 மார்ச், இரவு 9.10

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. பினியனைக் குறைத்துக்கொண்டே போனால் சூடும் குறைந்துகொண்டே போகும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரொம்பச் சின்ன பினியன் போட்டு நேர்ரோட்டில் முழு த்ராட்டிலில் ஓட்டினால் மோட்டார் எப்போதும் உச்சச் சுற்றிலேயே இருக்கும். அப்போது இரும்புத் தகடுகளுக்குள் காந்தப்புலம் வேகமாகப் புரண்டுகொண்டே இருப்பதால் அதுவே சூடாக்கும். செம்பின் சூடு இழுவையோடு ஏறும், இரும்பின் சூடு சுற்றோடு ஏறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பினியன் இருக்கிறது, அதைத்தான் தேடுகிறோம். 4600ஐ 3எஸ்ஸில் சின்ன பினியனோடு ஓட்டினால் சரியாகிவிடுமா என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்: வேகம் சரியாகும், இரும்பின் சூடு போகாது.


11 மார்ச், மாலை 5.40

சென்சார் வேண்டுமா வேண்டாமா.

சென்சார் இல்லாத மோட்டாரில் காந்தம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஈஎஸ்சிக்கு எப்படித் தெரியும்? மூன்று கம்பியில் எப்போதும் ஒன்று சும்மா இருக்கும். சுற்றும் காந்தம் அந்தக் கம்பியில் உண்டாக்கும் வோல்டேஜைப் பார்த்துத்தான் ஈஎஸ்சி இடத்தைத் தெரிந்துகொள்கிறது. காந்தம் நின்றிருந்தால் அந்த வோல்டேஜ் சுழி. அதனால் கிளம்பும்போது ஈஎஸ்சி குருட்டாம்போக்கில் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறது. வண்டி ஒரு உதறு உதறிவிட்டுக் கிளம்புவது அதனால்தான். சென்சார் உள்ள மோட்டாரில் காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள் நின்ற இடத்திலேயே இடத்தைச் சொல்லிவிடும். நடை வேகத்திலும் பட்டுப்போல நகரும்.

மைதானத்தில் பறக்கவிடுவதற்கு சென்சார் இல்லாததே போதும். வெலினியான் 3500 அப்படித்தான், ஆயிரக்கணக்கானோர் ஓட்டுகிறார்கள். மெதுவாக மேடேற வேண்டும், பந்தயத்தில் வளைவில் நுணுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்றால் சென்சார் எடுங்கள். சேறு, தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் சென்சார் கேபிள் மாட்டும் துளையைக் கவனிக்க வேண்டும், தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

கம்பி மாட்டும்போது ஒன்று நினைவிருக்கட்டும். சென்சார் இல்லாததில் வண்டி பின்னால் ஓடினால் மூன்றில் ஏதாவது இரண்டு கம்பியை மாற்றிப் போட்டால் போதும். சென்சார் உள்ளதில் அப்படிச் செய்யக் கூடாது. ஏ, பி, சி என்று குறித்தபடியே மாட்டி, திசையை ஈஎஸ்சி செட்டிங்கில் மாற்ற வேண்டும்.


12 மார்ச், இரவு 10.00

"டிரோனிலிருந்து கழற்றிய மோட்டார் இருக்கிறது, அதைப் போடலாமா?" போட வேண்டாம். டிரோன் மோட்டாரில் வெளி டப்பாவே சுற்றும், புரொபெல்லர் காற்றில் அது ஆறும். டிரக்கின் மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே வெளியே சுற்றுகிற டப்பாவை வைத்து எங்கே ஓட்டுவது? பாறையில் மெதுவாக ஏறும் கிராலர் வண்டிகளுக்கு வெளிச்சுற்று மோட்டார்கள் இருக்கின்றன, அது தனி உலகம். அங்கே 1200, 1800 கேவி, சென்சார், மோட்டாரோடு ஒட்டியே ஈஎஸ்சி என்று ஹாபிவிங் ஃபியூஷன் மாதிரி வந்துவிட்டது. நடை பழகும் குழந்தையைவிட மெதுவாகப் பாறையில் ஏற்றலாம். என் அடுத்த வண்டி அதுதான், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.


14 மார்ச், காலை 11.30

பெட்டியில் போட்டிருக்கும் கேவி உண்மைதானா என்று ஒருவர் சந்தேகப்பட்டார். சந்தேகப்படலாம். பெயர் தெரியாத கம்பெனி மோட்டார் ஒன்று என்னிடம் வந்தது, ஸ்டிக்கரில் ஒன்று, கையில் வந்தது வேறொன்று. வீட்டிலேயே அளக்க முடியும்.

மோட்டாரை ஒரு வைஸில் மரத்துண்டு வைத்துப் பிடியுங்கள். ஷாஃப்ட்டை டிரில்லிங் மெஷினின் வாயில் மாட்டுங்கள். மூன்று கம்பியும் எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும், ஈஎஸ்சியில் மாட்டியிருக்கவே கூடாது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஏதாவது இரண்டு கம்பியில் பிடியுங்கள். டிரில்லை முழு வேகத்தில் சுற்றுங்கள். சாதாரண கரண்ட் டிரில்லில் சுமை இல்லாத வேகம் 2800 என்று தகட்டில் எழுதியிருக்கும், அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டும் வோல்ட்டை 1.414 ஆல் பெருக்கி, 0.95 ஆலும் பெருக்கி, வரும் விடையால் டிரில் வேகத்தை வகுத்தால் கேவி. 3500 கேவி மோட்டார் என்றால் மீட்டர் 0.6 வோல்ட் காட்டும். 0.45 காட்டினால் அது 4600ஐத் தாண்டிய மோட்டார், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி. அவ்வளவு சின்ன வோல்ட்டை மலிவு மீட்டர்கள் துல்லியமாகக் காட்டாது, அதனால் சின்ன வித்தியாசத்துக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். பெரிய பொய்யைப் பிடிக்க இது போதும்.

மூன்று ஜோடிக் கம்பியிலும் அளந்து பாருங்கள். மூன்றும் சமமாக வர வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தக் காயிலில் கோளாறு.


14 மார்ச், இரவு 9.20

பேட்டரியில் போட்டிருக்கும் "சி" பற்றி. கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் தர முடியும் என்று சொல்லும் எண் அது. 5000 எம்ஏஎச், 50சி என்றால் 250 ஆம்பியர் தரும் என்று கணக்கு. நம்பாதீர்கள். ஓட்டி முடித்ததும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சூடாக இருந்தாலோ உப்பியிருந்தாலோ, அந்த மோட்டாருக்கு அந்தப் பேட்டரி போதவில்லை. ஈஎஸ்சியில் ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் கட்-ஆஃப் வையுங்கள். அடுத்த வாரம்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் முழு சார்ஜில் வைக்காமல் செல்லுக்கு 3.8இல் வையுங்கள்.


19 மார்ச், இரவு 10.40

கேட்ட தம்பி வாங்கிவிட்டார். 3660 உடம்பு, 3200 கேவி, சென்சார் இல்லாதது, கூட 120 ஆம்பியர் ஈஎஸ்சி. நல்ல ஜோடி. பெருக்கினால் அதே 35,520. ஆனால் கடைக்காரர் சொன்னார் என்று 23 பல் பினியன் போட்டிருக்கிறார். செம்மண் மைதானத்தில் ஐந்து நிமிடம் ஓட்டியதும் கறுப்பு டேப்பின் மேல் 84 டிகிரி.

தம்பி, உடனே நிறுத்தியது நல்லது. 19க்கு இறங்குங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி அளவு எடுங்கள். 70க்குக் கீழே என்றால் பத்து நிமிடம் ஓட்டி மறுபடி எடுங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஒரு பல் ஏற்றலாம். வண்டியை நிறுத்தியதும் ஓரிரு நிமிடம் சூடு ஏறும், உள்ளே இருப்பது வெளியே வருகிறது. அந்த உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறுத்திய கணத்தில் காட்டுவதை அல்ல.


21 மார்ச், மாலை 6.55

19இல் 66 வந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு 69. இந்த வெயிலுக்கு அங்கேயே விட்டுவிடுங்கள், டிசம்பரில் 20 போட்டுப் பார்க்கலாம். கிளம்பும்போது முன்சக்கரம் தூக்குகிறது என்றால் ஈஎஸ்சியில் பஞ்ச் செட்டிங்கை (கிளம்பும்போது எவ்வளவு வேகமாகப் பாய வேண்டும் என்பது) ஒரு படி இறக்குங்கள், ஸ்லிப்பரையும் கால் சுற்றுத் தளர்த்துங்கள். செம்மண்ணில் ஓட்டிய பிறகு மோட்டாரின் இரண்டு பக்கப் பேரிங்கையும் தூரிகையால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கையால் சுற்றும்போது கரகரவென்று கேட்டால் பேரிங் போய்விட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும். அளவு பேரிங்கின் மூடியிலேயே பொறித்திருக்கும்.